மணலுக்கு வாயு

செல்லக்கனியின் கண்ணில் எழுத்து பட்டால் போதும், வாசிக்காமல் விடமாட்டாள். தீப்பெட்டியின் மேல் இருப்பதை வாசிப்பாள். பஸ்ஸின் முதுகில் இருப்பதைப் பின்னாலேயே ஓடிப்போய் வாசிப்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் அதை அச்சடித்த அச்சகத்தின் பெயர்வரை வாசித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை மட்டும் அவ்வளவு ஆசையாக வாசிப்பதில்லை. அது வேறு விஷயம்.

நாடு விடுதலை பெற்று ஐந்தாறு வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. மணவாளக்குறிச்சியில் பத்திரிகை வாங்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ரசலையன் கடையில் கடுகு வாங்கினாலும் சீரகம் வாங்கினாலும் பழைய பத்திரிகைத் தாளில்தான் பொட்டலம் மடித்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் கடுகு அம்மாவின் டப்பாவுக்குப் போகும், தாள் செல்லக்கனியின் கைக்குப் போகும்.

பொட்டலத் தாளில் ஒரு தொல்லை உண்டு. தலை இருந்தால் வால் இருக்காது. திருடன் ஜன்னல் வழியாக உள்ளே குதிப்பான், அத்தோடு தாள் கிழிந்திருக்கும். அதனால் என்ன? மீதியைச் செல்லக்கனி தானே சொல்லிவிடுவாள். அதைக் கேட்பதற்கென்றே பிறந்தவள் அடுத்த வீட்டு நாகம்மை. "பெறவு? பெறவு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்படி ஒரு கூட்டாளி கிடைத்தால் யாருக்குத்தான் கதை வராது?

அது ஆனி மாதம். சக்கை பழுக்கும் காலம். பலாவை அந்த ஊரில் சக்கை என்றுதான் சொல்வார்கள். நாகம்மையின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சக்கை மரம் நின்றது. அந்த வருஷம் அதில் ஒரே ஒரு காய்தான் பெரிதாகத் தேறியது. நாகம்மையின் அப்பா நாராயணபெருமாள் தினமும் காலையில் அதைத் தட்டிப் பார்ப்பார்.

"இது சுசீந்திரத்துல இருக்க எனக்க அக்காவுக்கு. யாரும் தொடப்பிடாது, கேட்டியா?" என்று வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவர்கள் எல்லோரும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அந்தச் சக்கை தானாகவே கீழே விழுந்து வாயைப் பிளந்தது. பக்கத்தில் செல்லக்கனியும் நாகம்மையும் இருந்தார்கள். இதில் தப்பு சக்கைமேலா, பிள்ளைகள்மேலா என்று நீங்களே சொல்லுங்கள்.

ருசி பார்க்க ஒரு சுளை தின்றார்கள். முதல் சுளையின் ருசி சரியாகத் தெரியவில்லை என்று இன்னொரு சுளை தின்றார்கள். செல்லக்கனி எண்ணிக்கொண்டே தின்றாள். பதினேழாவது சுளையோடு போதும் என்று கையைத் துடைத்துக்கொண்டாள். நாகம்மைக்கு எண்ணும் வழக்கம் இல்லை. கடைசிச் சுளை வரைக்கும் அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

தின்று முடித்த பிறகுதான் பயம் வந்தது. மடலையும் கொட்டையையும் ஒரு பழைய கூடையில் அள்ளிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். அந்தக் கடற்கரையில் மணல் கறுப்பாக இருக்கும். கையில் அள்ளிப் பார்த்தால் நடுவே சிவப்பாகச் சில மணிகளும் தேன் நிறத்தில் சில மணிகளும் மின்னும். அங்கே குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்து, மேலே மணலைத் தள்ளி, காலால் மிதித்துவிட்டார்கள்.

"ஏட்டி, சத்தியம் பண்ணு. நான் சக்கை தின்னதை யாருக்கிட்டயும் சொல்லப்பிடாது" என்றாள் நாகம்மை.

"நீ சக்கை தின்னதை யாருக்கிட்டயும் சொல்லமாட்டேன். சத்தியம்" என்றாள் செல்லக்கனி.

மனசு லேசானதும் செல்லக்கனி பாவாடை மடிப்பிலிருந்து முந்தின நாள் கிடைத்த கடுகுப் பொட்டலத் தாளை எடுத்தாள். "நம்ம கடப்புறத்தைப் பத்தித்தான் போட்டிருக்கு. வாசிக்கேன், கேளு."

குரலைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்.

"தென்திருவிதாங்கூர்க் கடற்கரையின் கறுத்த மணலை அறியாதவர் இல்லை. ஆனால் அந்த மணலுக்குள் ஒரு காற்று அடைபட்டுக் கிடக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. அது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மணமும் இல்லை. பல கோடி ஆண்டுகளாக அங்கே தங்கியிருக்கும் அந்தக் காற்று, சிறிது சிறிதாக வெளியே வருகிறது. அப்படி வெளியே வரும் காற்று மனிதரை..."

"மனிதரை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நாகம்மையின் அம்மா முத்துக்கனி நின்றுகொண்டிருந்தாள். கல்யாண வீட்டிலிருந்து வந்து, பிள்ளைகளைக் காணவில்லை என்று தேடி வந்திருக்கிறாள்.

"மனிதரை என்ன செய்யுமாம் மக்கா?"

தாள் அந்த இடத்தில் கிழிந்திருந்தது. 'தெரியாது சித்தி' என்று செல்லக்கனி சொல்லியிருக்கலாம். இரண்டே சொல்தான், வாய் வலித்திருக்காது. ஆனால் இத்தனை நாளும் மீதியைத் தானே சொல்லிப் பழகிய வாய் ஆயிற்றே.

"மனிதரைப் பிடிக்கும்" என்றாள் செல்லக்கனி.

சொல்லும்போது குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். கேட்பவர்களுக்கு நன்றாக இருக்கட்டும் என்றுதான்.

அந்த ஊரில் காத்து என்றால் இரண்டு அர்த்தம். தென்னை ஓலையை ஆட்டுவது ஒரு காத்து. ஆளைப் பிடித்து ஆட்டும் என்று சொல்லிப் பயப்படுவது இன்னொரு காத்து. முத்துக்கனிக்கு இரண்டாவது காத்துதான் மனசில் பட்டது. நாகம்மையின் கையைப் பிடித்து விறுவிறுவென்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நாகம்மை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

செல்லக்கனிக்கு அன்று பாடமே ஓடவில்லை. பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. சாயங்காலம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேராக நாகம்மையின் வீட்டுக்கு ஓடினாள்.

முத்துக்கனி வாசலிலேயே தடுத்துவிட்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

"உள்ள போவாண்டாம் மக்கா. ராத்திரியில இருந்து அவளுக்கு வயறு ஊதிப்போய்க் கிடக்கு. ஒரு வாய் கஞ்சி இறங்கல. கேட்டா கடப்புறத்துல மணலைத் தோண்டி விளையாடினோம்னு மட்டும் சொல்லுதா. அந்தக் காத்துதான் பிடிச்சிருக்கு. வத்தல் மிளகாயைத் தலையைச் சுத்தி அடுப்புல போட்டேன், கொஞ்சம்கூட நெடி வரல."

செல்லக்கனி ஓரடி முன்னால் வந்தாள். "சித்தி, அது காத்தா இருக்காது..."

"நீதானே மக்கா வாசிச்சுச் சொன்னே. நீ மட்டும் சொல்லலன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா? நீ நல்லா இருப்பே." முத்துக்கனி அவள் தலையை அன்பாகத் தடவினாள். "நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு இவளைச் சுசீந்திரத்துக்குக் கொண்டு போறோம். அத்தை வீட்டுலயே இருந்து படிக்கட்டும். அங்க சுத்திலும் வயலுதான், இந்த மணலும் கிடையாது, இந்தக் காத்தும் கிடையாது."

திட்டியிருந்தால்கூடச் செல்லக்கனி தாங்கியிருப்பாள். நன்றி சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தான் இட்டுக்கட்டிய ஒரு சொல் நாகம்மையை ஊரைவிட்டே அனுப்பப்போகிறது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். உள்ளே பாயில் நாகம்மை சுருண்டு படுத்திருந்தாள்.

"நாகம்மை, உனக்கு ஒண்ணும் இல்ல. அது சக்கை. உனக்க அம்மைக்கிட்ட சொல்லிரு" என்று செல்லக்கனி மெதுவாகச் சொன்னாள்.

"சக்கை இல்ல. காத்துதான்" என்றாள் நாகம்மை. "நம்ம மணலைத் தோண்டினோம்லா? உள்ள கிடந்த காத்து வெளிய வந்து எனக்க வயித்துல கேறிட்டு. உள்ள அங்கேயும் இங்கேயும் ஓடுது. வேணும்னா காதை வச்சுக் கேளு."

"ஏட்டி, நீ சுசீந்திரத்துக்குப் போயிருவியா?"

"போனா காத்து இறங்கிரும்னு அம்மை சொல்லுதா." நாகம்மையின் கண்ணிலிருந்து பாயில் நீர் சொட்டியது. "சக்கையைப் பத்தி மட்டும் சொல்லிராத. மரநாய் தின்னுட்டுப் போயிட்டுன்னு அப்பா நினைச்சிட்டு இருக்காரு. நான்னு தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரு. நீ சத்தியம் பண்ணியிருக்க."

ஜன்னலை விட்டு இறங்கியபோது செல்லக்கனிக்கு ஒன்று புரிந்தது. காத்தைப் பற்றிய பயம் போகாமல் மற்ற எதைச் சொன்னாலும் யார் காதிலும் ஏறப்போவதில்லை. 'மனிதரை' என்ற சொல்லுக்கு அப்புறம் அந்தத் தாளில் என்னதான் எழுதியிருந்தது? இட்டுக்கட்டாமல், உள்ளபடி தெரிந்தாக வேண்டும்.

ரசலையன் கடைக்கு ஓடினாள்.

"மாமா, சனிக்கிழமை எனக்க அம்மைக்குக் கடுகு கெட்டிக் குடுத்தியளே, இந்தத் தாளு. இதுக்க மத்தப் பாதி எங்க?"

ரசலையன் தராசைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இருபது வருஷமாகக் கடை நடத்துகிறார். பொட்டலத்துக்குள் இருந்தது குறைகிறது என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. தாள் குறைகிறது என்று கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

"தாளை ரெண்டா மடக்கிக் கிழிப்பேன். மேல்பாதி உங்க அம்மைக்குக் கடுகு. கீழ்ப்பாதி..." அவர் கண்ணை மூடி யோசித்தார். மூக்கை உறிஞ்சினார். மூக்குக்குத்தான் முதலில் நினைவு வந்ததுபோலிருக்கிறது. "பெருங்காயம். ஆமா, பெருங்காயம்தான். இந்த ஊருல சனிக்கிழமை தவறாம பெருங்காயம் வாங்குத ஆளு ஒருத்தர்தானே உண்டு."

யார் என்று அவர் சொல்லவேண்டியதே இல்லை. நாகம்மையின் அப்பாவுக்கு வாயுத் தொல்லை இருப்பது ஊருக்கே தெரியும். சாப்பிட்டு முடித்து அவர் ஒரு ஏப்பம் விட்டால் எதிர்வீட்டுக் கோழிகள் வேலிக்கு அப்பால் ஓடும். அவர் மடியில் எப்போதும் ஒரு பெருங்காயப் பொட்டலம் இருக்கும்.

செல்லக்கனி வந்த வழியே திரும்பி ஓடினாள்.

நாராயணபெருமாள் முற்றத்தில் உட்கார்ந்து, காலையில் கொண்டுபோக வேண்டிய தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பெட்டி சின்னதுதான். ஆனால் அதற்குள் நாகம்மையின் பாவாடைகளும் சிலேட்டும் இருக்கும் என்று நினைத்தபோது, அதைப் பார்க்கவே செல்லக்கனிக்குப் பிடிக்கவில்லை.

"சித்தப்பா, உங்க மடியில இருக்க பெருங்காயப் பொட்டலத்தைத் தாரியளா?"

"ஏன் மக்கா, உனக்கும் வாயுவா?"

"இல்ல சித்தப்பா. பெருங்காயத்தை நீங்களே வச்சிக்கிடுங்க. எனக்குத் தாளு மட்டும் போதும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, பெருங்காயக் கட்டியில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மீதியை மடியில் முடிந்துகொண்டு, தாளை நீட்டினார். செல்லக்கனி அதைத் தரையில் விரித்தாள். பைக்குள் இருந்த மேல்பாதியை எடுத்து அதன் தலைமாட்டில் வைத்தாள். கிழிசலும் கிழிசலும் சரியாகப் பொருந்தின.

உடனே சத்தம் போட்டு வாசிக்க நாக்கு துடித்தது. அவள் வாசிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிவரை மனசுக்குள் வாசித்தாள். புரியாத இடத்தை இரண்டாம் முறையும் வாசித்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"சித்தி, கொஞ்சம் வெளிய வாங்க. நாகம்மையையும் கூட்டிட்டு வாங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

முத்துக்கனி மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"சித்தி, நேத்து காத்து மனிதரைப் பிடிக்கும்னு சொன்னேன்லா. அது தாளுல இல்ல. நானாத்தான் சொன்னேன். நான் பாதித் தாளைத்தான் வாசிச்சேன். மீதி இப்பத்தான் கிடைச்சுது. உள்ளபடி வாசிக்கேன்."

அவள் வாசித்தாள். இந்தமுறை குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"அப்படி வெளியே வரும் காற்று மனிதரை ஒன்றும் செய்வதில்லை. அது நஞ்சு அன்று. அதில் தீயும் பற்றாது. இந்த வாயுவுக்கு ஹீலியம் என்று பெயர்."

"என்னது?" நாராயணபெருமாள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "வாயுவா?"

"ஆமா சித்தப்பா. வாயுன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப மணலுக்கு வாயு. அதைச் சொல்லு முதல்ல." அவர் பெட்டியை ஒருபக்கம் தள்ளிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "வாயுன்னா எனக்குத் தெரியும் மக்கா. முப்பது வருசமா எனக்ககூடத்தான் குடியிருக்கு. வாசி, வாசி. மணலுக்கு எப்படி வந்துதாம்?"

செல்லக்கனி மேலே வாசித்தாள்.

"மலைப் பாறைகளுக்குள் தோரியம், யுரேனியம் என்னும் பொருள்கள் உள்ளன. அவை மிக மிக மெல்லத் தாமாகவே சிதைகின்றன. அப்போதெல்லாம் இவ்வாயு இம்மி இம்மியாகப் பிறந்து, பாறையின் சிறு மணிகளுக்குள்ளேயே அடைபடுகிறது. பாறை மழையாலும் வெயிலாலும் பொடிந்து, ஆற்றோடு ஓடி, கடலை அடைகிறது. அலைகள் அந்த மணிகளைக் கரையில் ஒதுக்குகின்றன."

"எந்த மலை?" என்று முத்துக்கனி கேட்டாள். முதல்முறையாக அவள் குரலில் பயம் இல்லாமல் ஒரு கேள்வி வந்தது.

"மலை பேரு போடல சித்தி. நம்ம வடக்க இருக்க மலையாத்தான் இருக்கும்னு..." செல்லக்கனி சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "இல்ல. அது தாளுல இல்ல. நானா நினைக்கேன்."

"பேச்சிப்பாறை மலையில இருந்து வந்தாலும் வரும்" என்றார் நாராயணபெருமாள். "சரி, மலைக்கு வாயு பிடிச்சாச்சு. உள்ளேயே அடைச்சு வச்சா அது சும்மா இருக்காதே. வெளிய வரணுமே. எப்படி வருதாம்?"

"அதுவும் போட்டிருக்கு சித்தப்பா. பூமிக்குள் பாறை சூடாகும்போதும் விரிசல் விடும்போதும் வாயு கசிகிறது. நிலத்தடி நீரோடு கலந்து ஊற்றுகளின் வழியாக வருகிறது. மண்ணில் உள்ள சிறு சிறு துளைகள் வழியாகவும் மேலே ஏறி நம்மைச் சுற்றியுள்ள காற்றில் கலக்கிறது. இது எங்கும் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது."

"எங்கும்னா?" முத்துக்கனி கேட்டாள்.

"எங்கும்னா எல்லா ஊருலயும்தான் சித்தி. சுசீந்திரத்துலயும்."

முத்துக்கனி ஓரமாகக் கிடந்த தகரப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

நாராயணபெருமாளோ தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்ப பூமி ஏப்பம் விடுதுன்னு சொல்லு. நான் விட்டா மட்டும் ஊரே சிரிக்குது." பெருங்காயம் வேலை செய்ததோ என்னவோ, அந்த நேரம் பார்த்து அவருக்கே ஒரு பெரிய ஏப்பம் வந்தது. எதிர்வீட்டில் கோழிகள் ஓடும் சத்தம் கேட்டது. முத்துக்கனிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள். "மணலுக்க வாயு ஒண்ணும் செய்யாதுன்னா, எனக்க பிள்ளைக்கு வயறு ஏன் ஊதிக் கிடக்கு?"

எல்லோரும் நாகம்மையைப் பார்த்தார்கள். நாகம்மை செல்லக்கனியைப் பார்த்து 'சொல்லாதே' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

செல்லக்கனி என்ன செய்வாள், பாவம். சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் நாகம்மை போவாள். காலால் தரையில் கோடு போட்டுக்கொண்டு யோசித்தாள். தான் எந்தச் சொல்லால் சத்தியம் செய்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

"சித்தப்பா, நாகம்மையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என்னைப் பத்தி மட்டும் சொல்லுகேன்." ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டாள். "நேத்து மத்தியானம் உங்க சக்கை தானா கீழே விழுந்துது. அதை மரநாய் தின்னல. நான் பதினேழு சுளை தின்னேன்."



"பதினேழு" என்றார் நாராயணபெருமாள் மெல்ல.

"பதினேழேதான் சித்தப்பா. எண்ணினேன். என்னைத் தண்டிக்கணும்னா தண்டிச்சிக்கிடுங்க."

அவர் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அந்தச் சக்கையில எப்படிப் போனாலும் எழுபது சுளை இருக்கும். பதினேழு போனா ஐம்பத்துமூணு." அவர் தலை மெதுவாக மகளின் பக்கம் திரும்பியது. "அப்ப அந்த ஐம்பத்துமூணு எங்க போச்சு?"

நாகம்மை அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வயிற்றைத்தான் புதைக்க முடியவில்லை. அவர் எழுந்து வந்து, அந்த வயிற்றைச் சக்கையைத் தட்டுவதுபோல் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். பொத்துப் பொத்தென்று சத்தம் வந்தது.

"இது காத்து இல்ல" என்றார். "இது வாயு."

"அடிக்காதீங்க அப்பா" என்றாள் நாகம்மை முந்தானைக்குள்ளிருந்து.

"அடிச்சா உள்ள இருக்க சக்கைக்குல்லா வலிக்கும். அது எனக்க அக்காவுக்கு உள்ளது." அவருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. மகளைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "ஐம்பத்துமூணு சுளையைத் தின்னுட்டு ஒரு சொல்லு சொல்லாம கிடந்திருக்கியே. நாங்க உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருப்போமே மக்கா. பெறவு இந்த வீட்டுல எனக்கு யாரு உண்டு?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. முத்துக்கனி அதைக் காட்டிக்கொள்ளாமல் அடுக்களைக்குள் போய்ச் சுக்கைத் தட்ட ஆரம்பித்தாள். சுக்கும் ஓமமும் போட்டுக் கொதிக்க வைத்தாள். கணவரிடம் மிச்சமிருந்த பெருங்காயத்தையும் கேட்டு வாங்கிப் போட்டாள்.

கஷாயத்தைக் குடித்துவிட்டு நாகம்மை உட்கார்ந்தாள். மற்ற மூவரும் சுற்றி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. விளக்கு ஏற்றியாகிவிட்டது. அப்போதும் வரவில்லை.

"பாறை சூடானா வாயு கசியும்னு போட்டிருக்கு" என்றாள் செல்லக்கனி. "இன்னும் கொஞ்சம் சூடா குடுங்க சித்தி."

இரண்டாவது கஷாயம் பாதி இறங்கியபோது நாகம்மையின் முகம் ஒருமாதிரி ஆனது. கண் விரிந்தது. பிறகு ஒரு ஏப்பம் வந்தது. அவளுடைய அப்பா அதைக் கேட்டுப் பெருமையோடு தலையாட்டினார். பின்னாலேயே இன்னொன்று வந்தது, அதற்குப் பின்னால் மற்றொன்று.

"அம்மை, பசிக்குது" என்றாள் நாகம்மை.

முத்துக்கனி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு முறை அழுதுவிட்டு, கஞ்சி எடுக்கப் போனாள். நாராயணபெருமாள் தகரப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் செல்லக்கனிக்குத் தன் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைவே வந்தது.

போகும்போது முத்துக்கனி கூப்பிட்டாள். "மக்கா, அந்த ரெண்டு தாளையும் தந்துட்டுப் போ. நான் இந்தத் தெரு முழுக்க காத்துன்னு சொல்லி வச்சிருக்கேன். இனி ஒவ்வொரு வீடா போய் வாயுன்னு சொல்லணும். கையில தாளு இருந்தாத்தான் நம்புவாங்க." தாளை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். "நீயும் எனக்ககூட வா. எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா."

அன்று நான்கு வீடுகளில் செல்லக்கனி அந்தத் தாளை வாசித்தாள். நான்கு வீட்டிலும் ஒரு சொல் கூட்டவும் இல்லை, ஒரு சொல் குறைக்கவும் இல்லை. "நான்தான் தப்பா சொன்னேன்" என்று நான்கு வீட்டிலும் சொன்னாள். முதல் வீட்டில் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. மற்ற வீடுகளில் அவ்வளவு இல்லை.

மறுநாள் காலையில் நாகர்கோவில் பஸ் வந்து நின்றபோது அதில் நாராயணபெருமாள் மட்டும் ஏறினார். இந்த வருஷம் சக்கையும் வராது, பிள்ளையும் வராது என்று அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டு வருவதற்காகப் போனார்.

பிள்ளைகள் இருவரும் கடற்கரை வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். நாகம்மை உம்மென்று வந்தாள்.

"எனக்ககூடப் பேசாத. நீ சொல்லிக்குடுத்துட்டே" என்றாள்.

"உன்னைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லல" என்றாள் செல்லக்கனி.

நாகம்மை யோசித்துப் பார்த்தாள். அது உண்மைதான். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து ஒரு கைப்பிடி கறுத்த மணலை அள்ளினாள். அதில் இருந்த தேன் நிற மணிகளை விரலால் கிளறிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல இருந்து வெளிய வந்த வாயு பெறவு எங்க போவும்?"

"மேல போவும். தாளுல கடைசி வரியில போட்டிருக்கு. அது ரொம்ப லேசு. காத்துல கலந்தாலும் அங்க தங்காதாம். மேகத்தைத் தாண்டி மேல மேல போய், கடைசியில பூமியை விட்டே போயிருமாம்."

"திரும்பி வராதா?"

"வராது."

நாகம்மை கையிலிருந்த மணலைக் கீழே விட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தாள். வெயிலுக்குக் கண் கூசியது.

"அவ்வளவு தூரம் ஒத்தைக்கா போவும்?"

"ஒத்தைக்குத்தான்."

"பாவம்" என்றாள் நாகம்மை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு செல்லக்கனியின் கையைப் பிடித்தாள். பள்ளிக்கூடம் வரும்வரை அந்தக் கையை அவள் விடவே இல்லை.